சனி ஞாயிறுக்கு எந்த ஊர்? ஜெர்மனியின் ஒயின் நாட்டில் வீடு தேடுபவருக்கு

அக்கா மகனுக்கு லுட்விக்ஸ்ஹாஃபனில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம், வரி, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் அவனே படித்துத் தெரிந்துகொண்டுவிட்டான். வீடு எங்கே பார்ப்பது என்பதில்தான் குழப்பம். போனில் பேசி முடிக்கும் நேரத்தில் ஒன்று கேட்டான்: "மாமா, சனி ஞாயிறு அங்க என்னதான் பண்றீங்க? ஞாயித்துக்கிழமை ஒரு கடையும் திறக்காதாமே?"

விளையாட்டாகக் கேட்டான். ஆனால் வீடு தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று எனக்குப் படுகிறது. வாரத்தில் ஐந்து நாளை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். மீதி இரண்டு நாளை யாரோடு, எங்கே கழிக்கிறோம் என்பது பெரும்பாலும் வீட்டு முகவரியைப் பொறுத்தது. இந்தப் பகுதியில் நான் மூன்று விதமாகக் குடியிருந்து பார்த்துவிட்டேன். முதல் இரண்டு ஆண்டு மன்ஹைம் நகரத்தில் தனியாளாக. கல்யாணத்துக்குப் பிறகு பதினான்கு மாதம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில். அதன் பிறகு இன்றுவரை நொய்ஷ்டாட் என்ற நடுத்தர ஊரில். நான் எழுதுவதில் நொய்ஷ்டாட்டின் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ரைன் ஆற்றின் மேற்குக் கரையில் லுட்விக்ஸ்ஹாஃபன், கிழக்குக் கரையில் மன்ஹைம், நடுவே பாலம். மேற்கே போகப் போகச் சமவெளி. அது முடியும் இடத்தில் காடு மூடிய தாழ்வான மலைவரிசை. அந்த மலையடிவாரம் முழுக்கத் திராட்சை. வடக்கே போக்கன்ஹைமிலிருந்து தெற்கே பிரெஞ்சு எல்லையில் இருக்கும் ஷ்வைகன் வரை சுமார் 85 கிலோமீட்டருக்கு ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு போகும் பாதைக்கு 1935இல் 'ஜெர்மன் ஒயின் சாலை' என்று பெயர் வைத்தார்கள். மலை மழை மேகத்தைத் தடுத்துவிடுவதால் இங்கே வெயில் அதிகம். வாதுமையும் அத்தியும் வீட்டு வாசலிலேயே காய்க்கின்றன. இந்த வட்டாரத்தின் பெயர் ஃபால்ஸ். எழுத்தில் முன்னால் ஒரு 'ப்' வேறு உண்டு, அது நம் வாயில் வராது. கவலை வேண்டாம், உள்ளூர்க்காரர்களே 'பால்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒயின் நாடு என்றதும் குடிக்காதவருக்கு இங்கே என்ன வேலை என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். திராட்சைச் சாறும் சோடாவும் கலந்த கோப்பை எந்தத் திருவிழாவிலும் கிடைக்கும். ஏன் ஒயின் எடுக்கவில்லை என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. வண்டி ஓட்ட வேண்டும் என்றால் முடிந்தது.

மன்ஹைம்: எல்லா இடத்துக்கும் போகலாம்

மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாழும் நகரம். மையப் பகுதியில் தெருக்களுக்குப் பெயரே கிடையாது. சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்து, எழுத்தும் எண்ணும் போட்டிருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு முதல் வாரம் இதுவே ஒரு பொழுதுபோக்கு. நம்மூர் மளிகைக் கடை, துருக்கிக் கடைகள், பல்கலைக்கழகம் என்று எல்லாமே டிராம் தூரத்தில். அதிவேக ரயிலில் ஃபிராங்ஃபர்ட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாரிஸுக்கே நேரடி ரயில் இருக்கிறது, மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும்.

மன்ஹைமில் நண்பர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். வெளிநாட்டவர் குழுக்கள், மொழிப் பரிமாற்றச் சந்திப்புகள், பலகை விளையாட்டு இரவுகள், கிரிக்கெட் ஆட ஆள் தேடும் செய்திகள். வந்த மூன்றாவது வாரம் எனக்கு இருபது பேரின் எண் இருந்தது. எல்லோரும் ஆங்கிலம், எல்லோரும் முப்பதுக்குக் கீழே, எல்லோரும் சனிக்கிழமைக்கு ஏதாவது ஏற்பாடு தேடுபவர்கள். இரண்டாவது ஆண்டு முடியும்போது அந்த இருபதில் நான்கு பேர்தான் ஊரில் மிச்சம். ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் மியூனிக், மற்றவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு. மாதம் ஒரு பிரிவு உபசாரம். பிறகு புதிதாக வந்தவர்களிடம் "எந்த ஊர், என்ன வேலை, எப்ப வந்தீங்க" என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபத்தைந்து வயதில் அதில் ஒரு ருசி இருந்தது. இப்போது எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

மன்ஹைமில் இருந்துகொண்டே ஒயின் சாலைக்குப் போய்வரலாமே என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். நொய்ஷ்டாட்டுக்கு எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் அரை மணி நேரம் போல. பாட் டியூர்க்ஹைமுக்கு டிராமே போகிறது. திராட்சைக் கொடிகளுக்கு நடுவே டிராம் ஓடுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மாதச் சீட்டாக டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருந்தால் இதற்கெல்லாம் தனியாகக் காசு இல்லை. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய அந்தச் சீட்டு 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. என்ன, நகரத்திலிருந்து போகிறவர் விருந்தாளியாகப் போகிறார், விருந்தாளியாகவே திரும்புகிறார். திருவிழா அன்றைக்கு மட்டும் ஊருக்கு வருகிற ஆள். இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

குடும்பத்தோடு வருபவர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு வித்தியாசம் உண்டு, வீடு பார்க்கும் அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆற்றைக் கடந்தால் மாநிலம் மாறுகிறது. மன்ஹைம் பாடன்-வூர்ட்டம்பெர்க், லுட்விக்ஸ்ஹாஃபனும் ஒயின் சாலையும் ரைன்லாண்ட்-ஃபால்ஸ். ரைன்லாண்ட்-ஃபால்ஸில் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு மழலையர் பள்ளியில் கட்டணம் கிடையாது. அந்தப் பக்கம் பொதுவாகக் கட்டணம் உண்டு. விடுமுறைகளும் வேறு. ஜனவரி 6 அங்கே அரசு விடுமுறை, இங்கே வேலைநாள். பெந்தகோஸ்துக்கு அங்கே பள்ளிகள் இரண்டு வாரம் மூடும்; இங்கே அந்த நீண்ட விடுமுறை இலையுதிர்காலத்தில் வரும். கணவன் வேலை ஒரு கரையிலும் பிள்ளையின் பள்ளி மறு கரையிலும் இருந்தால், விடுமுறை நாட்காட்டிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கிராமம்: அஞ்சலட்டையில் குடியிருப்பது

ரோட்ட், சாங்க்ட் மார்ட்டின், புர்வைலர் என்று வரிசையாக ஊர்கள். மணற்கல் வளைவு வாசல், அதன் மேல் படர்ந்த திராட்சைக் கொடி, கல் பாவிய தெரு. ரோட்ட் கிராமத்தில் சுமார் 400 ஆண்டு வயது என்று சொல்லப்படும் ஒரு திராட்சைத் தோட்டம் இன்னமும் காய்த்துக்கொண்டிருக்கிறது. என் மனைவி முதல் முறை வந்தபோது இப்படி ஒரு தெருவில் நின்று "இங்கேயே வீடு பார்க்கலாமா?" என்று கேட்டாள். மே மாதம், மாலை ஏழு மணி வெயில். அந்த வேளையில் யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

செப்டம்பர் வந்ததும் விடியற்காலையில் வேட்டுச் சத்தம். தீபாவளி இல்லையே என்று எழுந்து பார்த்தால், பழுத்த திராட்சையைக் கொத்த வரும் பறவைக் கூட்டத்தை விரட்ட எரிவாயுவில் வெடிக்கும் குழாய்களைத் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிச் செய்த வேலையை இங்கே குழாய் செய்கிறது, அவ்வளவு இனிமையாக இல்லாமல். அறுவடை இயந்திரங்கள் இரவிலும் ஓடும். குளிரில் பறித்தால் பழம் கெடாது. இதைப் பற்றிப் புகார் சொல்ல முடியாது, ஊர் பிழைப்பதே அதில்தான். நாங்கள்தான் அழகுக்காக வந்து நடுவில் குடியேறியவர்கள்.

உண்மையான சிக்கல் பேருந்து. பக்கத்துச் சிற்றூரில் ரயில் நின்றாலும், அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வரும் பேருந்து மாலையோடு ஓய்ந்துவிடும். ஒருமுறை மன்ஹைமில் நண்பர் வீட்டுப் பிறந்தநாள் முடிந்து, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, தோட்டங்கள் வழியே கைப்பேசி வெளிச்சத்தில் நாலு கிலோமீட்டர் நடந்தோம். நிலவு இருந்தது, பாதை நன்றாகத்தான் இருந்தது. மனைவி மறுநாள் மதியம் வரை என்னோடு பேசவில்லை. கார் வாங்கினால் தீரும் என்பீர்கள். நம் ஊர் ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் எழுதித் தேற வேண்டும். உரிமம் வந்தாலும், திருவிழாவுக்குக் காரில் போகிறவர் கோப்பையைத் தள்ளிவைக்க வேண்டும். ரத்தத்தில் ஆல்கஹாலை 0.5 புரோமில்லே, அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு வரைதான் சட்டம் பொறுத்துக்கொள்ளும். முதல் உரிமத்தின் சோதனைக் காலத்தில் இருப்பவருக்கும் 21 வயதுக்குக் கீழானவருக்கும் ஒரு சொட்டும் கூடாது.

கிராமத்தில் தனிமையாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிரச்சினை அதற்கு நேர் எதிர். எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். எங்கள் வீட்டில் என்றைக்குச் சாம்பார் என்பது வாசனையிலேயே மூன்று வீட்டுக்குத் தெரியும். முதல் வாரமே பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கூடை திராட்சையும், குப்பைத் தொட்டி எந்த நாள் எந்த நிறம் வெளியே வைக்க வேண்டும் என்ற விளக்கமும் தந்தார். அன்பானவர். ஆனால் அவர் பேசியது பால்ஸ் வட்டாரப் பேச்சு. பி1 என்ற நடுத்தர நிலைத் தேர்வில் தேறிய என் ஜெர்மன் அவர் முன் ஊமையாகிவிட்டது. "அல்லா ஹோப்" என்று அவர் அடிக்கடி சொன்னதை ஏதோ தொழுகை வார்த்தை என்றே வெகு நாள் நினைத்திருந்தேன். அது 'அலே' என்ற பிரெஞ்சுச் சொல் உருமாறி வந்தது. "சரி, கிளம்பலாம்" என்று பொருள்.

நவம்பரில் கடைசித் திருவிழாவும் முடிந்து, உணவகங்கள் பாதிக்கு மேல் மூடி, நாலரை மணிக்கே இருட்டும்போது கிராமம் உறைந்துவிடும். பனிக்காலத்தைத் தாங்கக் கூடிய வட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தால் மட்டுமே கிராமத்தை நான் சிபாரிசு செய்வேன். அல்லது தோட்டம், நாய், நல்ல ஜெர்மன், இரண்டு கார் என்று எல்லாம் இருப்பவருக்கு.

நொய்ஷ்டாட்: நடுவில் ஓர் ஊர்

மக்கள்தொகை 50 ஆயிரத்துக்குச் சற்று மேல். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் பழைய சந்தைச் சதுக்கம். நகராட்சிக்குள்ளேயே ஒன்பது ஒயின் கிராமங்கள் அடங்கியிருப்பதால், நகரத்தில் குடியிருந்தபடியே கிராமத் திருவிழாக்களுக்கு உள்ளூர்வாசியாகப் போகலாம். அவற்றில் ஒன்று கிம்மல்டிங்கன். வசந்தத்தின் முதல் ஒயின் திருவிழா பெரும்பாலும் அங்கேதான், வாதுமை பூக்கும்போது. தேதியை ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிக்க மாட்டார்கள், மொட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள். இன்னொன்று ஹம்பாக், அதன் மலைமேல் கோட்டையில் 1832இல் ஆயிரக்கணக்கானோர் கறுப்பு-சிவப்பு-பொன் கொடியோடு ஏறிச் சென்று சுதந்திரமும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் கேட்டார்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் நாங்கள் முதலில் கூட்டிப்போகும் இடம் அதுதான். ஏறிப் போகச் சிரமமில்லை, மேலிருந்து பார்த்தால் ரைன் சமவெளி முழுவதும் தெரியும்.

நான் இந்த ஊரில் நிலைத்ததற்குப் பாதிக் காரணம் ரயில். கிழக்கே அரை மணியில் மன்ஹைம். மேற்கே அதே ரயில் நேரே காட்டுக்குள் நுழைகிறது. லாம்ப்ரெக்ட் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் மரங்கள் தொடங்கிவிடும். கார் இல்லாமல் ஆறு ஆண்டு ஓட்டிவிட்டோம்.

குறைகளும் உண்டு. நம்மூர்ச் சாமானுக்கு மன்ஹைம்தான் போக வேண்டும், கறிவேப்பிலைக்காகவே ஒரு ரயில் பயணம். ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்திலும் மருத்துவரிடமும் காலம் தள்ளுவது கடினம். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் இளைஞர்கள் போக இடமில்லை, எல்லோரும் ரயிலேறி மன்ஹைமுக்குத்தான் போகிறார்கள். வார இறுதியில் தண்டவாளப் பணி என்று ரயிலுக்குப் பதில் பேருந்து விடும்போது அந்த அரை மணி ஒன்றரை மணியாகும். அந்த மாற்றுப் பேருந்துக்கு இருக்கும் இருபத்தோரு எழுத்து ஜெர்மன் சொல்லைத்தான் இங்கே வரும் எல்லோரும் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள்.

மேசையில் கிடைக்கும் நட்பும் சங்கத்தில் கிடைக்கும் நட்பும்

ஜெர்மானியர் ஒட்ட மாட்டார்கள் என்று வந்த புதிதில் எல்லோரும் சொன்னார்கள். பிறகு பாட் டியூர்க்ஹைம் வூர்ஸ்ட்மார்க்ட்டுக்குப் போனேன். பெயர் 'தொத்திறைச்சிச் சந்தை'. செப்டம்பரில் இரண்டு வார இறுதிகளில் நடக்கும், உலகின் மிகப் பெரிய ஒயின் திருவிழா என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆறு லட்சம் பேர் வருகிறார்கள். குறுகலான நீள மேசை, முதுகோடு முதுகு ஒட்டும் பெஞ்சு. "இங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டு உட்கார்ந்தால் போதும், பத்து நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவரின் மருமகள் கதை வரை வந்துவிடும். கோப்பை அரை லிட்டர், கை வழுக்காமலிருக்க வெளியே குழி குழியாக இருக்கும், டுப்பெகிளாஸ் என்பார்கள். ஒயினும் சோடாவும் கலந்த ஷோர்ல அதில் நிறைந்திருக்கும். சோடா இங்கே பேருக்குத்தான்.

அந்த ஒரே கோப்பை மேசை முழுக்கச் சுற்றி வரும். எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது ஒரு சோதனை. அண்ணாந்து குடிக்கலாம் என்றால் அரை லிட்டர் கண்ணாடிக் கோப்பையில் அது நடக்காத காரியம். எனக்குத் தெரிந்து இதற்கு வழி ஒன்றே: உட்கார்ந்ததும் நமக்கென்று ஒரு திராட்சைச் சாறு வாங்கி முன்னால் வைத்துவிடுவது. சுற்றி வரும் கோப்பையை அடுத்தவருக்குச் சிரித்தபடி கைமாற்றிவிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

சரி, அப்படி ஒரு ராத்திரி மூன்று மணி நேரம் தோளில் கைபோட்டுப் பாடிய மனிதரைத் திங்கட்கிழமை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். தலையை லேசாக ஆட்டினார், அவ்வளவுதான். அன்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. இப்போது புரிகிறது: அந்த நட்பு பொய் இல்லை, அது மேசைக்கு உரியது, மேசையோடு முடிந்துவிடும். நகரத்திலிருந்து திருவிழாவுக்கு மட்டும் வந்துபோகிறவருக்கு இந்த நட்புதான் கிடைக்கும், வேறு கிடைக்காது.

நிற்கிற நட்பு கிடைக்கும் இடம் சங்கம். இங்கே ஃபெராய்ன் என்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம் என்பதால் எதற்கெடுத்தாலும் ஒன்று இருக்கும்: உடற்பயிற்சி, சேர்ந்திசை, செஸ், தன்னார்வத் தீயணைப்பு, முயல் வளர்ப்பு. நான் சேர்ந்தது பேட்மிண்டன். முதல் மூன்று மாதம் "ஹலோ", "ச்சூஸ்" தவிர ஒருவரும் பேசவில்லை. விட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில் ஒரு வியாழக்கிழமை, காய்ச்சலால் நான் போகாமல் இருந்ததற்கு இரண்டு பேர் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தார்கள். அதே கிழமை, அதே மணி, அதே கூடம், அதே முகங்கள். நம்மை எதிர்பார்க்க ஆரம்பித்ததும் அவர்கள் உறவே மாறிவிடுகிறது. வீடு மாற்றும்போது சோபாவைத் தூக்க வந்தவர்கள் இவர்கள்தான். மேசையில் பாடியவர்கள் இல்லை.

வியாழன் மாலை ஏழு மணிக்கு ஒரு கூடத்தில் தவறாமல் நிற்க வேண்டும் என்றால் வீடு அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். மன்ஹைமிலும் சங்கங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே என் சனிக்கிழமைகளைப் போலவே வியாழக்கிழமைகளையும் இருபது அழைப்புகள் பங்குபோட்டுக்கொண்டன. கிராமத்தில் சங்கம் பலமாக இருந்தது, எனக்குத்தான் மொழி பலமாக இல்லை.

தமிழர் வட்டம் வேறு கணக்கு. ஜெர்மனியில் வேரூன்றிய தமிழர்கள் பெரும்பாலும் 1980களிலிருந்து வந்த ஈழத்தவர்கள். நாம் கறிவேப்பிலை வாங்கும் கடைகள் பலவும் அவர்கள் நடத்துபவை. வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் தமிழாலயங்கள் பல நகரங்களில் நடக்கின்றன. 2002இல் திறந்த, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். தேர்த் திருவிழாவுக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள், ஜெர்மன் தொழிற்பேட்டைச் சாலையில் வடம் பிடித்துத் தேர் இழுப்பதைப் பார்க்க வேண்டும். கணினி வேலைக்கு வந்த நம் ஆட்கள் தமக்குள் மட்டும் குழு சேர்ந்து, பொங்கலுக்கு ஒரு கூடம் வாடகைக்கு எடுத்து, அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மொழியும் நாற்பது ஆண்டு அனுபவமும் உள்ளவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எது?

கடைகள் மூடியிருக்கும், துளைபோடும் கருவியைத் தொட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மணி அடிப்பார். ஆகவே வெளியே போயாக வேண்டும்.

எங்கள் வீட்டில் முதல் ஓட்டு காட்டுக் குடிலுக்கு. ஃபால்ஸ் காடு ஜெர்மனியின் மிகப் பெரிய தொடர்ச்சியான காடுகளில் ஒன்று. 1902இல் தொடங்கிய ஃபால்ஸ் காட்டுச் சங்கத்தின் கிளைகள் அதற்குள் பல குடில்களை நடத்துகின்றன. சமைப்பதும் பரிமாறுவதும் பெரும்பாலும் தன்னார்வலர்கள். நாமே வரிசையில் நின்று வாங்கி, சாப்பிட்ட தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் ரொக்கம் வேண்டும். பல குடில்கள் வார இறுதியில் மட்டுமே, அல்லது கூடவே புதன்கிழமையும் திறக்கும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்றரை மணி நேரம் நடந்து, வியர்த்துப் போய்ச் சேர்ந்து, சூடான தட்டோடு யாரோ நாலு பேர் மேசையில் உட்காருவது திருவிழாவை விட எனக்குப் பிடிக்கும். பிள்ளைகளுக்கும் இதுவே ஒத்துவருகிறது. குடிக்காதவர் இங்கே தனியாகத் தெரிவதே இல்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குடிலின் புகழ்பெற்ற பதார்த்தம் சாவ்மாகன், பன்றி இரைப்பைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்தது; லுட்விக்ஸ்ஹாஃபனில் பிறந்த ஹெல்முட் கோல் ஜெர்மனியின் சான்சலராக (நம் பிரதமர் மாதிரி) இருந்தபோது உலகத் தலைவர்களை டைடஸ்ஹைமுக்கு அழைத்து வந்து இதைத்தான் பரிமாறினார். நமக்கு 'வைஸர் கேஸ்' இருக்கிறது: மூலிகையும் வெங்காயமும் கலந்த வெண்ணிறத் தயிர்க்கட்டி, அவித்த உருளைக்கிழங்கோடு. டாம்ஃப்நூடல் கிடைத்தால் விடாதீர்கள். ஆவியில் வெந்த, அடியில் உப்பு மொறுமொறுப்புள்ள பெரிய பன். உருளைக்கிழங்குச் சூப்போடும் தருவார்கள், இனிப்பு வனிலாக் குழம்போடும் தருவார்கள். இலையுதிர்காலத்தில் எங்கும் கிடைக்கும் வெங்காய அடை மட்டும் பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், உள்ளே பன்றிக் கொழுப்புத் துண்டு இருக்கும்; கேட்டு வாங்குங்கள். அதோடு விற்கும் புது ஒயின் இன்னும் நொதித்துக்கொண்டிருப்பது, புட்டி மூடி இறுக்கமாக இருக்காது. பையில் படுக்க வைத்து ரயிலில் வந்த நண்பரின் மடிக்கணினி என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நடக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட். திராட்சை விவசாயி தன் சொந்த முற்றத்தில், தன் சொந்த ஒயினை, எளிய சாப்பாட்டோடு விற்கும் இடம். சட்டப்படி ஆண்டுக்கு நான்கு மாதம்தான் திறக்கலாம், 40 இருக்கைக்கு மேல் கூடாது. வாசலில் இலைக்கொத்து தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு இது சரிப்படும்: கூட்டமில்லை, பாட்டு இரைச்சல் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே பொழுது போகும்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒயின் சாலை முழுவதையும் கார்களுக்கு மூடிவிட்டு சைக்கிள்களுக்குத் திறந்துவிடுவார்கள். போங்கள், ஆனால் பதினொரு மணிக்கு முன் போங்கள். மதியத்துக்கு மேல் கோப்பை போட்டவர்களும் சைக்கிளில்தான் வருவார்கள். எல்லை தாண்ட ஆசைப்பட்டால் வின்டன் வழியாக விசம்பூருக்கு ரயில் இருக்கிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட்டே செல்லும். பிரான்ஸில் மதியச் சாப்பாடு, மாலைக்கு வீடு.

வேலை வேறு ஊரில் என்றால்

ஃபிராங்ஃபர்ட்டில் வேலை கிடைத்தவர்கள் மைன்ஸைப் பாருங்கள். விமான நிலையம் வழியாக எஸ்-பான் நேரடியாகப் போகிறது. மார்ச் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைக் காலையில் பேராலயத்துக்குப் பக்கத்தில் உள்ளூர் விவசாயிகள் ஒயின் ஊற்றுவார்கள். ஊரே ரொட்டியும் தொத்திறைச்சியும் கையில் பிடித்து நின்றபடியே கதை பேசும். வாரா வாரம் அதே இடம் என்பதால், மேசை நட்பு சங்க நட்பாக மாற வாய்ப்புள்ள ஒரே சந்தை என்று அங்கே இருக்கும் தோழி சொல்கிறாள். மோசல் ஆற்றோரம் இவை எல்லாவற்றையும் விட அழகு, பெர்ன்காஸ்டலைப் பார்த்தால் கண் கலங்கும், ஆனால் பெர்ன்காஸ்டலுக்கு ரயிலே கிடையாது. ட்ரியரிலோ லக்சம்பர்கிலோ வேலை இருந்தால் ட்ரியரில் குடியிருக்கலாம். மற்றவர்கள் இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஹைடெல்பெர்கைப் பற்றியும் மருமகன் கேட்டான். எல்லோரும் கேட்பார்கள். அழகான ஊர், வாடகையும் அதே அழகு, வார இறுதியில் தெரு முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை என்றால் யோசிக்கலாம். லுட்விக்ஸ்ஹாஃபனுக்குத் தினமும் போகிறவனுக்கு அவசியம் இல்லை.

அவனுக்கு நான் சொன்னது இது. வயது இருபத்தாறு, ஜெர்மன் ஏ2 என்ற தொடக்க நிலை, தனியாள். முதல் ஆண்டு மன்ஹைமில் இரு. ஆனால் வாரத்தில் ஒரு மாலையை ஏதாவது ஒரு சங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிடு, முதல் மூன்று மாதம் யாரும் பேசாவிட்டாலும். கல்யாணம், குழந்தை என்று வரும்போது ஆற்றைக் கடந்து நொய்ஷ்டாட்டோ பாட் டியூர்க்ஹைமோ பார்த்துக்கொள்ளலாம். கிராமத்தைப் பற்றி அவன் அத்தையிடமே கேட்கச் சொன்னேன். அவள் அந்த நாலு கிலோமீட்டரை இன்னும் மறக்கவில்லை.

போன வாரம் மன்ஹைமில் ஓர் அறை உறுதியாகிவிட்டது, ஒரு வருட ஒப்பந்தம். முன்பணம் கட்டிய கையோடு போன் செய்தான். "மாமா, செப்டம்பர்ல அந்தத் தொத்திறைச்சிச் சந்தைக்கு வர்றேன். ராத்திரி திரும்பிப் போற ரயிலை எல்லாம் நான் நம்பல. உங்க சோபாவை இப்பவே எனக்குன்னு சொல்லி வெச்சிருங்க."